இரத்தச் சர்க்கரைக் குறிப்பேடு: எழுதுவதும் படித்தறிவதும்

நீரிழிவு நோய் உள்ள ஒருவர், தம் இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவை வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு வேளைகளில் அளந்து, தேதியுடனும் நேரத்துடனும் எழுதி வைக்கும் ஏடே இரத்தச் சர்க்கரைக் குறிப்பேடு ஆகும். இதற்கெனத் தனி அச்சிட்ட ஏடு தேவையில்லை. கோடு போட்ட பள்ளி நோட்டு ஒன்றே போதுமானது. குளுக்கோமீட்டர் கருவி இன்று பல வீடுகளில் உள்ளது. ஆயினும், எழுதிய எண்களை முறையாகத் திரும்பப் படித்துப் பார்க்கும் வழக்கம் குறைவு. ஒரு நாள் காலையில் 210 வந்தால் பதறி உணவைக் குறைப்பதும், மறுநாள் 120 வந்தால் மருந்தை நிறுத்துவதும் அதனால்தான் நிகழ்கின்றன. ஒற்றை எண்ணைக் கொண்டு மருந்தின் அளவை மாற்றுவது ஆபத்தானது. அதே எண், தனக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களோடு சேர்த்துப் படிக்கப்படும்போது சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. அவ்வாறு படிக்கும் முறையை இப்பக்கம் விளக்குகிறது.

மருத்துவமனை நாளில் எடுக்கும் அளவு ஏன் போதாது?

திருக்கோவிலூர் வட்டத்தின் சிற்றூர்களிலிருந்து அரசு மருத்துவமனைக்கு வருவோர் காலையில் பேருந்து பிடித்து, வெறும் வயிற்றுடன் வரிசையில் காத்திருந்து, வெயில் ஏறிய பிறகு இரத்தம் கொடுக்க நேர்வதுண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இறங்கி வருவோர்க்குப் பயணம் இன்னும் நீண்டது. முந்தைய இரவு எட்டு மணிக்கு உண்டவர் மறுநாள் பதினொரு மணிக்குக் கொடுக்கும் இரத்தம் ‘வெறும் வயிற்று அளவு’ என்றே பதிவாகும். ஆனால் அவர் அன்று காலை போட வேண்டிய இன்சுலினைப் போட்டிருக்கமாட்டார். பதினைந்து மணி நேரம் உண்ணாதிருப்பார். அலைச்சலும் பதற்றமும் சேர்ந்திருக்கும். அவர் வீட்டில் வழக்கமாகக் காலை ஆறு மணிக்கு இருக்கும் அளவை அந்த எண் காட்டும் என்று கொள்ள இயலாது.

மற்றொரு பழக்கமும் உண்டு. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாகவே இனிப்பையும் சோற்றையும் குறைத்துக்கொண்டு வருவோர் பலர். மருத்துவரிடம் நல்ல பெயர் பெறும் விருப்பம் இயல்பானதே. ஆனால் அந்த இரண்டு நாளின் எண்ணைப் பார்த்து மருத்துவர் எழுதும் மருந்து, மற்ற இருபத்தெட்டு நாள்களுக்குப் பொருந்தாமல் போகும்.

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின்கீழ் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்து, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளைத் தொடர்ந்து வழங்குகின்றனர். நடக்க இயலாத முதியோர்க்கும் தொலைவில் வாழ்வோர்க்கும் இது பெரும் உதவி. ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாத்திரை வீட்டிற்கே வந்துவிடுவதால் மருத்துவரைச் சந்திக்கும் நாள் தள்ளிப்போகிறது. அச்சந்திப்பில்தான் பழைய எண்கள் எல்லாம் ஒன்றாகப் பார்க்கப்பட வேண்டும். தன்னார்வலர் பார்த்துச் சொல்லும் எண்ணையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எத்தனை மணிக்கு வந்தார், அதற்கு எவ்வளவு நேரம் முன்பு என்ன உண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நேரம் இல்லாத எண்ணை எந்த மருத்துவராலும் பயன்படுத்த இயலாது.

எவற்றை எழுத வேண்டும்?

ஒரு நாளுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளலாம். இடமிருந்து வலமாகக் கட்டங்கள்: காலை வெறும் வயிற்றில், காலை உணவுக்குப் பின் 2 மணி நேரம் கழித்து, மதிய உணவுக்கு முன், பின், இரவு உணவுக்கு முன், பின், நள்ளிரவுக்குப் பிறகு. உணவுக்குப் பின் எனும்போது, முதல் கவளம் உண்ட நேரத்திலிருந்து 2 மணி நேரத்தைக் கணக்கிட வேண்டும். எல்லாக் கட்டங்களையும் எல்லா நாளும் நிரப்ப வேண்டியதில்லை; வெற்றுக் கட்டங்கள் இருப்பதில் குற்றமில்லை. வலப்புறம் சற்று அகலமான இடம் விட்டு, அதில் மருந்து அல்லது இன்சுலின் எடுத்த நேரம், அதன் அளவு, அன்றைய உணவிலும் வேலையிலும் வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் இருந்தால் அது, காய்ச்சல், தூக்கமின்மை, விரதம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுத வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமை விரதமும் அமாவாசை ஒருவேளை உணவும் இப்பகுதியில் பல குடும்பங்களில் உள்ளவை. அந்த நாளின் எண், விரதக் குறிப்பு இன்றிப் படிக்கப்பட்டால் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

பெரும்பாலும் இந்த வலப்புறக் குறிப்புகளே எண்களைவிட மிகுதியாகப் பேசுகின்றன. ஆனால் நடைமுறையில் பலர் எழுதாமல் விடுவதும் இப்பகுதியைத்தான்.

பட்டைகளின் விலையை எண்ணிப் பலர் சோதனையைத் தவிர்க்கின்றனர். மாத்திரை மட்டும் உட்கொண்டு, அளவு நிலையாக உள்ளவர்க்கு நாள்தோறும் விரலைக் குத்த வேண்டிய தேவை இல்லை. மருத்துவரைச் சந்திப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் வேளைகளை மாற்றி மாற்றி அளந்தாலே போதிய தகவல் கிடைக்கும். திங்களன்று காலை உணவுக்கு முன்னும் பின்னும், வியாழனன்று மதிய உணவுக்கு முன்னும் பின்னும், ஞாயிறன்று இரவு உணவுக்கு முன்னும் பின்னும் என இணை இணையாக அளப்பது சிறந்த முறை. எப்போதும் காலை வெறும் வயிற்றில் மட்டுமே அளந்து முப்பது பட்டைகளைச் செலவிடுவதைவிட, இவ்வாறு அளந்த பன்னிரண்டு பட்டைகள் அதிகம் சொல்லும். இன்சுலின் போடுவோரும் கருவுற்ற பெண்களும் எத்தனை முறை அளக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். அவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும்.

எண் சரியானதா?

குறிப்பேட்டைப் படிக்கும் முன் அதிலுள்ள எண் நம்பத்தக்கதா என்று பார்க்க வேண்டும். திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சிப் பகுதி கரும்பு விளையும் நிலம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பை வெட்டிய கையிலும் வெல்லம் தொட்ட கையிலும் பழம் உரித்த கையிலும் ஒட்டியிருக்கும் சர்க்கரை, விரல் நுனியில் வரும் இரத்தத் துளியோடு கலந்துவிடும். 130 இருக்க வேண்டிய இடத்தில் கருவி 250க்கு மேல் காட்டவும் கூடும். ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைப்பது இதற்குப் போதாது. சோப்பும் நீரும் கொண்டு கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே குத்த வேண்டும். வயல்வெளியில் கழுவ வழியில்லை எனில், முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்தலாம். விரலை அழுத்திப் பிழிவதும் அளவை மாற்றும்.

சோதனைப் பட்டைகள் காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் கெடும். குப்பியின் மூடியை உடனுக்குடன் இறுக மூட வேண்டும். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். கருவியின் மின்கலத்தை மாற்றியதும் தேதியும் நேரமும் பல கருவிகளில் தவறிவிடும். மருத்துவர் கருவியின் நினைவகத்தைப் புரட்டிப் பார்க்கும்போது காலை அளவெல்லாம் இரவு அளவாகத் தெரிவது இதனால்தான்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் கருவிகள் 7.2, 11.5 என்பது போன்ற எண்களைக் காட்டும். அவை வேறு அலகில் அமைந்தவை. அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் நாட்டில் வழங்கும் மி.கி./டெ.லி. அளவு கிடைக்கும்: 7 என்றால் 126, 10 என்றால் 180. பெருக்கிய எண்ணை எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுத வேண்டாம்.

இன்று உலகளவில் ஏற்கப்பட்ட தரவிதிப்படி, நல்ல குளுக்கோமீட்டரும் ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காடு வரை விலகலாம். அதாவது உண்மையில் 200 ஆக உள்ள அளவைக் கருவி 170 என்றோ 230 என்றோ காட்டினாலும் அது பழுதன்று. ஆகவே, நேற்று 164, இன்று 178 என்பதை ‘ஏறிவிட்டது’ என்று கொள்ள வேண்டியதில்லை. இரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உண்மையைவிட உயர்த்திக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த அளவு இலக்கு?

கருவுறாத பெரியவர்களுள் பெரும்பாலோர்க்கு, வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையிலும், உணவுக்குப் பின் 180க்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்கு. வயது முதிர்ந்து, வேறு பல நோய்களும் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் 90 முதல் 150 வரை என இலக்கைத் தளர்த்துவர். அவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவதே பெரிய ஆபத்து. கருவுற்ற பெண்களுக்கு இலக்கு மிகவும் இறுக்கமானது: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், உணவுக்குப் பின் 2 மணி நேரத்தில் 120க்குக் கீழ். ஒரே வீட்டில் பாட்டிக்கும் பேத்திக்கும் இலக்கு வேறு வேறாக இருக்கலாம். உங்களுக்குரிய இலக்கை மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படிக்கும் முறை: முதலில் தாழ்வு, பிறகு உயர்வு

குறிப்பேட்டைக் கையில் எடுத்ததும் 250, 300 என்ற எண்களே முதலில் கண்ணில் படும். ஆனால் முதலில் தேட வேண்டியவை 70க்குக் கீழுள்ள எண்கள். இதற்கு வலுவான காரணம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 1,441 பேரிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான பேராய்வு, சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு பெருமளவு குறையும் என்று நிறுவியது. அதே ஆய்வில், இறுக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்குப் பிறர் உதவி தேவைப்படும் அளவிலான சர்க்கரைத் தாழ்வு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக ஏற்பட்டது. தாழ்வைக் கவனியாமல் உயர்வை மட்டும் திருத்தினால் என்ன நேரும் என்பதற்கு அதுவே சான்று.

அடுத்து, வரிசையாக இடமிருந்து வலமாகப் படிக்காமல், ஒரே வேளைக்குரிய கட்டத்தை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ஒரே வேளையில் மூன்று நாளாவது ஒத்த போக்கு தெரிந்தால்தான் அதைப் போக்கு எனக் கொள்ளலாம். ஒரு நாள் மட்டும் விலகியிருந்தால், வலப்புறக் குறிப்பைப் பார்க்க வேண்டும். அதன்பின் உணவுக்கு முன், பின் இணைகளைப் பார்க்க வேண்டும். முன் 120, பின் 240 எனில் சிக்கல் அந்த வேளை உணவிலோ அதற்கான மருந்திலோ உள்ளது. முன் 220, பின் 250 எனில் உணவு பெரிதும் உயர்த்தவில்லை, முன்பே உயர்ந்திருந்தது.

கேழ்வரகுக் களி சர்க்கரையை ஏற்றாது, சாமைச் சோற்றை எவ்வளவும் உண்ணலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சிறுதானியங்களில் நார்ச்சத்து மிகுதி என்பது உண்மை. ஆனால் அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. நுண்மையாக அரைத்த மாவில் செய்த களியும் கூழும் விரைவாகவே செரிக்கும். மரவள்ளிக்கிழங்கிற்கும் இது பொருந்தும். வாதிட வேண்டியதில்லை, உங்கள் தட்டில் வழக்கமாக விழும் அளவு களிக்கு முன்னும் பின்னும் இரண்டு பட்டைகள் செலவிட்டால் உங்கள் உடலுக்குரிய விடை கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக அமைத்த ஒரு குறிப்பேட்டைப் பார்ப்போம். தென்பெண்ணையாற்றங்கரை ஊரொன்றில் வாழும் 58 வயது விவசாயி. காலையும் இரவும் 30:70 கலவை இன்சுலின் போடுகிறார். மெட்பார்மின் மாத்திரையும் உண்டு. ஏழு நாள்களின் காலை வெறும் வயிற்று அளவுகள்: 168, 174, 92, 181, 170, 142, 176. இவற்றின் சராசரி ஏறத்தாழ 158. இலக்கைவிட உயர்ந்திருக்கிறது, இரவு இன்சுலினைக் கூட்டலாம் என்றே தோன்றும்.

இப்போது மற்ற கட்டங்களையும் குறிப்புகளையும் பார்ப்போம். 92 வந்த நாளுக்கு முந்தைய நாள் குறிப்பு: ‘நாள் முழுதும் கரும்பு வெட்டு.’ 142 வந்த நாளுக்கு முந்தைய நாளிலும் அதே குறிப்பு. அந்த இரவு 2.30 மணிக்கு வியர்த்து விழித்திருக்கிறார், அளவு 58, குளுக்கோஸ் கரைத்துக் குடித்த பின் படுத்திருக்கிறார். ஆகவே 142 என்பது நல்ல கட்டுப்பாட்டின் அடையாளமன்று. ஆபத்தான ஓர் இரவைக் கடந்துவந்த பின் கிடைத்த எண் அது. தனியே பார்த்திருந்தால் ஏழு எண்களுள் மிக நல்ல எண்களில் ஒன்றாகத் தோன்றியிருக்கும். கடும் உடலுழைப்பின்போது தசைகள் சர்க்கரையை உள்வாங்குகின்றன. செலவான சேமிப்பை நிரப்ப, அன்றிரவும் தொடர்ந்து உள்வாங்குகின்றன. அதனால் உழைப்பு முடிந்து பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழக்கூடும்.

உழைப்பில்லாத நாள்களிலோ இரவு உணவுக்குப் பின் 232, 240, 228 எனப் பதிவாகியுள்ளது. இவர் உயர்ந்த அளவோடுதான் உறங்கச் செல்கிறார்; காலை 170 என்பது இரவு ஏறியதால் வந்ததன்று, ஏறியிருந்தது முழுமையாக இறங்காததால் வந்தது. மருந்துக் குறிப்பில் ‘இரவு 8.30 ஊசி, 8.30 சாப்பாடு’ என்றிருக்கிறது. இவ்வகைக் கலவை இன்சுலினை உணவுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பாகப் போட வேண்டும். அப்போதுதான் உணவு செரித்துச் சர்க்கரை ஏறும் வேளையில் மருந்தும் வேலை செய்யத் தொடங்கும். ஆக, இவருக்கு முதலில் தேவைப்படுவது ஊசியின் நேரத்தைச் சரிசெய்வதும், கரும்பு வெட்டும் நாள்களில் இரவு அளவை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்பதும்தான். சராசரியை மட்டும் பார்த்து அளவைக் கூட்டியிருந்தால், அடுத்த கரும்பு வெட்டு நாளின் இரவில் அவர் விழிக்காமலே போயிருக்கலாம்.

இன்சுலின் அளவைக் குறிக்கும்போது எந்தச் சிரிஞ்சு என்பதையும் எழுதுவது நல்லது. நம் நாட்டுக் குப்பிகள் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 அலகு கொண்டவை; அவற்றுக்கு 40 அலகுச் சிரிஞ்சு, அதாவது சிவப்பு மூடியுள்ளது. 100 அலகு மருந்துக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. 40 அலகுக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உடலில் சேர்வது 8 அலகு மட்டுமே. மாறாக, 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் சேர்வது 50 அலகு; இது உயிருக்கே ஆபத்து. திடீரென ஒரு நாளிலிருந்து எல்லாக் கட்டங்களும் ஒருசேர ஏறினாலோ இறங்கினாலோ, சிரிஞ்சு மாறியதா, குப்பி வெயிலில் கிடந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

குறிப்பேடும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையும்

எச்.பி.ஏ.1சி என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. 6 விழுக்காடு என்றால் சராசரிச் சர்க்கரை 126. 7 என்றால் 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. 10 என்றால் 240. உங்கள் நோட்டின் எண்கள் 130, 140 என்றே இருக்க, இப்பரிசோதனை 9 என்று வந்தால், நீங்கள் அளக்காத வேளைகளில் சர்க்கரை ஏறுகிறது என்பதே பெரும்பாலும் விடை. காலையில் மட்டும் அளப்போரிடம் இது மிகவும் காணப்படும்.

வேறு விடைகளும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை இந்த அளவை உயர்த்திக் காட்டும். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ, மிகுந்த இரத்தப்போக்கு இருந்தாலோ குறைத்துக் காட்டும். இரத்தசோகை நம் பெண்களிடம் பரவலாக உள்ளதால், குறிப்பேடும் பரிசோதனையும் முரண்படும்போது ஹீமோகுளோபின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது விடை சற்றுச் சங்கடமானது: எழுதப்பட்ட எண்கள் உண்மையானவை அல்ல. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எண்களைத் தாமே சேமித்துக்கொள்ளும் கருவிகள் நோயாளிகளுக்கு அச்செய்தி தெரிவிக்கப்படாமல் வழங்கப்பட்டன. பலருடைய நோட்டிலிருந்த எண்கள் கருவியில் பதிந்தவற்றைவிடக் குறைவாக இருந்தன, அளக்காமலே எழுதியவையும் இருந்தன, உயர்ந்தவை விடுபட்டிருந்தன. அவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. உயர்ந்த எண்ணுக்கு வசவு கிடைக்குமானால் அந்த எண் நோட்டில் ஏறாது. நம் வீடுகளிலும் இதுதான் நிகழ்கிறது. ‘நேற்றுக் கல்யாண வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் அப்பா, பாருங்கள் 290’ என்று மகள் கடிந்துகொண்டால், அடுத்த 290 மறைக்கப்படும். ‘290 வந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு அப்பா, நேரத்தையும் எழுதிவிடலாம்’ என்று கேட்டால் எண் நோட்டில் நிற்கும். பராமரிப்பாளர் செய்யக்கூடிய உதவிகளுள் இதைவிடப் பெரியது இல்லை என்றே சொல்லலாம்.

மருத்துவரைச் சந்திக்கும் நாளில்

நோட்டு, கருவி, உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகள் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, வலி மாத்திரை எடுத்தாலும் மறைக்க வேண்டாம். கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் சில மணித்துளிகளே. நாற்பது எண்களை அவர் அங்கேயே படித்து முடிப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே முந்தைய இரவே வீட்டில் அமர்ந்து, 70க்குக் கீழுள்ள எண்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். 250க்கு மேலுள்ளவற்றை நீல மையால் வட்டமிடுங்கள். பிறகு இரண்டே வரி எழுதுங்கள்: எந்த வேளையில் தாழ்கிறது, எந்த வேளையில் உயர்கிறது. அந்த இரண்டு வரிகளை முதலில் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதைச் செய்து தரலாம். சிவப்பு வட்டம், நீல வட்டம் என்ற அளவில் எவரும் செய்யலாம்.

மருத்துவர் மருந்தை மாற்றினால், மாற்றிய தேதியில் நோட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, புதிய மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். அடுத்த முறை கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள எண்களை ஒப்பிட்டாலே மாற்றம் பயன் தந்ததா என்பது தெரிந்துவிடும்.

காத்திருக்கக் கூடாத எண்கள்

சில எண்கள் நோட்டில் எழுதி அடுத்த சந்திப்புக்காக வைத்திருக்க வேண்டியவை அல்ல. 70க்குக் கீழ் வந்தால், அல்லது கருவி கையில் இல்லாத நிலையில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, பேச்சுக் குழறல் ஏற்பட்டால், உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, இன்னும் தாழ்வாக இருந்தால் அதையே திரும்பச் செய்ய வேண்டும். அகார்போஸ் மாத்திரை உட்கொள்வோர்க்குச் சாதாரணச் சர்க்கரை விரைவில் பயன் தராது. குளுக்கோஸே தர வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். கிளைபென்கிளமைடு, கிளைமிபிரைடு போன்ற மாத்திரைகளால் வந்த தாழ்வு, குறிப்பாகச் சிறுநீரகப் பாதிப்பு உள்ள முதியோரிடம், தெளிந்த பின்பும் பல மணி நேரம் கழித்துத் திரும்பலாம். அவர்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சர்க்கரை 300க்கு மேல் உள்ள நிலையில் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, அளவுகடந்த தாகம், மந்தநிலை ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்திருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவி எண்ணைக் காட்டாமல் ‘ஹை’ என்று காட்டினால், பெரும்பாலான கருவிகளில் அது 600க்கு மேல் எனப் பொருள்படும். அப்போதும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோ வாந்தியோ காரணமாக உண்ண முடியாவிட்டாலும், இன்சுலின் போடுவோர் தாமாக அதை முழுவதும் நிறுத்திவிடக் கூடாது. எவ்வளவு போடுவது என்பதை மருத்துவரிடமோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 104 மருத்துவ உதவி எண்ணிலோ கேட்டறியலாம். மலையூர்களில் இரவில் வண்டி கிடைப்பது கடினம் என்பதால், இத்தகைய அறிகுறிகள் மாலையிலேயே தெரிந்தால் இருட்டும் முன் இறங்கிவிடுவது நல்லது. கிளம்பும் அவசரத்திலும் அந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைத்தான் அவசரப் பிரிவில் முதலில் கேட்பார்கள்.